கேண்டீன் எந்தப் பக்கம்?

இறால் வாங்கும் கம்பெனியிலிருந்து அதிகாரியம்மா சோதனைக்கு வருகிறார் என்றதும் மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடல் கடந்து வேலைக்கு வந்து இறால் உரிக்கும் பெண்களில் சிரித்த முகக்காரி ஒருத்தியைப் பொறுக்கி, பதில்களை உருப்போட வைத்து, முன்னால் நிறுத்தியிருந்தான்.

“எத்தனை மணி நேரம் வேலை?”

“எட்டு மணி நேரம்மா.”

“பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்டதாம்மா, பெட்டியில.”

முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. அன்று காலையில்தான் கொடுத்த கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன.

“சாப்பாடெல்லாம்?”

“கேண்டீன்லம்மா.”

“நல்லதாப் போச்சு, எனக்கும் பசிக்குது. வாங்க, கூட்டிட்டுப் போங்க.”

இதை யாரும் சொல்லித்தரவில்லை.

“நான் காட்டறேன் மேடம்” என்று மேஸ்திரி முந்திக்கொண்டான்.

“அவங்களே காட்டட்டும்.”

நேற்று பெயிண்ட் அடித்து மேசை போட்ட கேண்டீன் முன்பக்கம் இருந்தது. அதன் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. அந்தப் பக்கம் திரும்பப் போனவள் சட்டென்று நின்றாள். பிறகு ஐஸ் அறையைத் தாண்டிப் பின்பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். வெளியே பூட்டுத் தொங்கிய தகரக் கதவு வந்ததும்தான் கால்கள் நின்றன.

உள்ளே யாரோ இருமினார்கள்.

“நாங்க சாப்பிடறது இங்கதாம்மா. தூங்கறதும் இங்கதான்.”

“உள்ள யாரு?”

“கையெல்லாம் புண்ணாகி அழுகிப்போனவங்க பதினாறு பேரும்மா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு காலையிலயே பூட்டிட்டாங்க.”

“சாவி?”

அவள் முதல்முறையாக மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த அண்ணன் இடுப்புலதான் இருக்கு.”