தேக்குத் தொட்டில்

1911-இல் பாளையங்கோட்டை தேவமணியம்மாள் தன் பேரனுக்குத் தேக்குத் தொட்டில் செய்வித்து, ஜெபம் வைத்து ஊரை அழைத்தாள்.

"ஏணை அழகா இருக்கும்மா" என்றேன்.

"ஏட்டி கெசியா, சேலையில கட்டித் தொங்கவிட்டாத்தான் ஏணை. இது தொட்டில். உன் குடிசைப் பேச்சை இங்கன பேசாத."

எல்லோரும் சிரித்தார்கள். பேரனைக் கிடத்தினார்கள். ஒருமுறை ஆட்டிவிட ஆசைப்பட்டுக் கை நீட்டினேன்.

"தொடாதட்டி! பிள்ளையைப் பறிகொடுத்தவ கை பட்டா விளங்குமா?" என்றாள், ஜெபம் முடித்த அதே வாயால்.

"பேரன் நல்லாக் கொழுகொழுன்னு இருக்கானே!" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டு வளர்ப்பு அப்படி."

வந்தவர்கள் போனதும் அம்மாள் எனக்குக் கொல்லைக் கதவைத் திறந்தாள். "பைய வாட்டி, பிள்ளை பசியில கத்துதான்" என்று அவனை என் மடியில் போட்டாள்.

மருமகளுக்குப் பால் இல்லை. என் மகனைப் புதைத்த நாள்முதல் அம்மாளின் பேரன் குடித்து வளர்ந்தது என் பால்.