குப்பை வண்டிக்குப் பின்னால்

"குப்பை வண்டி பின்னாடி போறதுக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?" என்று சலித்துக்கொண்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"நாலு பேர் பார்க்க மாட்டாங்களா?" மனைவி காலரை இழுத்துச் சரிசெய்தாள். "நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க. பார்த்ததை அங்கேயே எழுதிடுங்க. வீட்டுக்கு வந்து மாத்திப் பேசக்கூடாது."

ஒரு மாதமாக வீட்டில் இதே சண்டைதான். மக்கும் குப்பை பச்சைக் கூடையில், மக்காதது நீலக் கூடையில் என்று அவள் கரடியாய்க் கத்துவாள். அவரோ வெங்காயத் தோலையும் பால் கவரையும் கைக்கு எட்டிய கூடையில் தள்ளுவார்.

"நீ மாங்கு மாங்குன்னு பிரி. அவன் அங்க போய் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுவான். தெருவே சிரிக்குது."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

அதில் வந்ததுதான் பந்தயம். வண்டி ஒன்றாகக் கொட்டினால் இனி வீட்டில் ஒரே கூடை. தனித்தனியாகக் கொட்டினால், காலம் முழுக்கப் பிரிக்கும் வேலை அவருடையது.

வாசலில் விசில் கேட்டது. "நீங்க ஸ்கூட்டரை எடுங்க" என்று சொல்லிவிட்டு, கூடைகளை அவளே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வண்டியைத் தொடர்ந்து போனவர், குப்பைக் கிடங்கு வாசலில் நின்று கண்கொட்டாமல் பார்த்தார். காய்கறித் தோல் உரக்குழிக்குப் போனது. பாட்டில்கள் ஒரு கொட்டகைக்கும் அட்டைகள் இன்னொன்றுக்கும் போயின. உடைந்த பல்புகூடத் தனி டப்பாவில், தூங்கும் குழந்தையைப் போல இறங்கியது.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் நேர்மையான மனிதர். கண்டதைக் கண்டபடி எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, மனைவிக்குப் போன் செய்தார்.

"தோத்துட்டேன். நாளையிலேர்ந்து நானே பிரிக்கிறேன். இனிமே தெருவுல எவனாவது ஒண்ணாக் கொட்டுறாங்கன்னு சொல்லட்டும், நான் கேட்டுக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

போனை வைத்ததும் வண்டி ஓட்டுநர் வியர்வையைத் துடைத்தபடி ஓடிவந்து சலாம் வைத்தார். "எல்லாம் சரியா இருக்குங்களா, சார்? மேலிடத்துக்கு நல்லபடியா எழுதுங்க."

"நான் என்னத்தப்பா எழுதுறது? நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! வழக்கம்போல ஒண்ணாக் கொட்டியிருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருப்பேனே!"

"என்னை அதிகாரின்னு யாருப்பா சொன்னது?"

"கூடை கொடுத்த அம்மாதான், சார்!"