தும்பிக்கையின் நுனி

யானையும் அணிலும் நண்பர்களான அந்தப் படப்புத்தகத்தைப் பாலர் பள்ளியில் எழுநூறு முறையாவது வாசித்திருப்பேன். ஓய்வு பெற்றபின் அங்கே கதை வாசிக்கப் போகிறவன் கணக்கு, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகள் என் மடிமேலேயே ஏறி உட்கார்ந்து கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த நிலோஃபர் மட்டும் பத்து நாளாக முதுகுப் பையைக் கழற்றாமல் வாசலருகில் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேச்சில்லை. இந்த வாரத்தோடு நிறுத்திவிடுவதாக அவள் அம்மா சொல்லிவிட்டார். வியாழனன்று நான் புத்தகத்தை விரித்ததும் என்ன நினைத்தாளோ, பாய்ந்து வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கம் என் மடியிலிருந்த பொழிலன் கையில். இருவரும் இழுத்த இழுப்பில் கட்டடமே ஓரடி நகர்ந்தது. புத்தகம் நடுவாகக் கிழிந்தது. அவனிடம் யானை. அவளிடம் அணிலும், அணிலைத் தொட நீண்டிருந்த தும்பிக்கையின் நுனியும்.

"மூக்கக் குடு," என்றான் பொழிலன்.

"மாட்டேன். உன் யானைய இங்க கூட்டிட்டு வா."

அவன் மூன்று யுகம் யோசித்தான். பிறகு நகர்ந்து நகர்ந்து போய்த் தன் பாதியை அவள் பாதியோடு சேர்த்து வைத்தான். பை இடைஞ்சலாக இருந்ததால் அவள் அதைக் கழற்றிப் போட்டாள்.

சாயங்காலம் அம்மா வந்தார். "நாளையோட போதும்டா செல்லம். வேற ஸ்கூல் பாக்கலாம்."

நிலோஃபர் கையிலிருந்த தன் பாதியை நீட்டினாள். "நான் வரலன்னா யானை எப்படிம்மா தண்ணி குடிக்கும்?"

அம்மா, வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா மிஸ்ஸைப் பார்த்தார். "இப்பவே ஒட்டிடலாம்," என்று மிஸ் மேசையெல்லாம் செல்லோ டேப்பைத் தேடினார். டேப்பை முன்பே எடுத்து அடியில் போட்டு, நான் அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.