எதிர்ப்பக்கத்துக் குரல்

பள்ளி விட்டுவிட்டது.

அவள் ஸ்கூட்டரைச் சாலையின் இந்தப் பக்கம், ஜெராக்ஸ் கடை வாசலில் நிறுத்தியிருந்தாள். பள்ளி வாசல் எதிரே. அங்கே முழுக்க வேன்கள். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கி, யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள்.

‘பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகையின் மேல் யார் வீட்டுக் காதணி விழா பேனரையோ கட்டியிருந்தார்கள். பாதி எழுத்துதான் தெரிந்தது.

மகள் வெளியே வந்தாள்.

நேராக அத்தையிடம் போனாள்.

தினமும் பிள்ளையை அழைத்துப் போவது நாத்தனார் சங்கவிதான். அதற்கு நன்றி இருக்க வேண்டும். இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது.

மகள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னாள். சங்கவி குனிந்து கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். ராத்திரி சோறு ஊட்டும்போது கேட்டால், “ஒண்ணுமில்லம்மா” என்று முடித்துக்கொள்ளும் அதே வாய்.

பின்னல் சங்கவி போட்டது. கிளிப் சங்கவி வாங்கித் தந்தது.

பெற்றது இங்கே, பேச்சு அங்கே.

இருவரும் சாலை ஓரத்துக்கு வந்து கை கோத்துக்கொண்டார்கள். வலது, இடது, மறுபடி வலது. இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு.

அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

யாரிடம் வருவாள்? இப்போதே தெரிந்தாக வேண்டும்.

கையைத் தூக்கினாள்.

“சிட்டூ...”

அவள் மட்டுமே கூப்பிடும் பெயர்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பல்லாயிற்று. அத்தையின் கையை உதறினாள்.

ஓடி வந்தாள்.

ஒரு கணம் அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகுதான் தண்ணீர் லாரியைப் பார்த்தாள்.

பிரேக் அலறியது. ரப்பர் கருகும் நாற்றம். டேங்கிலிருந்து தளும்பிய தண்ணீர் சாலையில் ஓடியது. லாரி குறுக்கே மறைத்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வலது பார்க்கவில்லை. இடதும் பார்க்கவில்லை.

பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, சங்கவி தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம். மடியில் பிள்ளை. ஸ்கூல் பையைப் பிடித்து இழுத்த விரல்கள் இன்னும் விடவில்லை.

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சங்கவிதான் பேசினாள்.

“எதுத்தாப்புல நின்னு நான் கூப்ட்டா, ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் அண்ணி வருவா.”

மூச்சு வாங்கியது.

“நீங்க கூப்ட்டா எதையும் பாக்கமாட்டா.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. பொறாமை இருந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த குரல்.

அடுத்த வாரமும் ஒரு நாள் அரைநாள் லீவு போட்டாள். அதே ஜெராக்ஸ் கடை.

எதிரே இருவரும் சாலை ஓரத்துக்கு வந்தார்கள். வலது, இடது.

மகள் இன்னும் அவளைப் பார்க்கவில்லை.

அவள் கடைத் தூணுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டாள்.