பேரம் பேசாத கிழவர்

பிள்ளை பிறக்கப்போகிறதென்று தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கத் துணிந்த ஓக்னெனுக்கு, வாங்க வந்த கிழவரைப் பார்க்கப் பார்க்கக் கடுப்பாக இருந்தது. நோவி சாத் நகரமே திரும்பிப் பார்க்கும் வண்டி. இவர் பானெட்டைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை.

"பெரியவரே, இந்த மாடல் நாட்டுலயே நாலஞ்சுதான் மிச்சம். அதுலயும் வேற வண்டிலேருந்து எடுத்து நான் மாத்திப் போட்ட இஞ்சின் இருக்கே, பழசை விட ரெண்டு மடங்கு பவர்! ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்களேன்."

"வேண்டாம்ப்பா."

கிழவர் டார்ச் அடித்து, பாடியில் பொறித்திருந்த நம்பரை மட்டும் படித்தார். திரும்பவும் படித்தார்.

"சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

ஓக்னெனின் கடுப்பெல்லாம் பறந்துவிட்டது. வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில் இரண்டு கிளாஸில் உள்ளூர் பழச் சாராயமான ராக்கியாவை ஊற்றினான்.

கிழவர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. உன் இஞ்சினைக் கழட்டி நீயே வெச்சுக்க."

"என்னது! எவ்வளவு பாடுபட்டு மாட்டினது தெரியுமா? இஞ்சின் இல்லாம தள்ளிக்கிட்டா போவீங்க?"

கிழவர் தன் வேனின் பின்கதவைத் திறந்து கம்பளியை விலக்கினார். துடைத்துப் பளபளத்த ஒரு பழைய இஞ்சின். அதன் மேலும் அதே நம்பர்.

"நீ பழைய இரும்புக் கடைல போட்டதுதான். பிறந்த இஞ்சினோட இருந்தாத்தான்ப்பா அது அந்த வண்டி. இந்த இஞ்சினை அங்கே வாங்கின நாள்லேருந்து இதோட வண்டியைத் தேடிட்டிருக்கேன்."

ஓக்னென் குனிந்து அந்த நம்பரை விரலால் தடவிப் பார்த்தான். கிழவர் அவன் தோளைத் தட்டினார்.

"உன் இஞ்சினையும் பத்திரமா வெச்சுக்க. அதைத் தேடியும் எவனாவது அலைஞ்சுட்டிருப்பான்."