சேக்காட்டுக்குக் கனமழை

டொக்... டொக்... டொக்.

மாடிப்படியில் நாற்காலிக் கால் இடிபடும் சத்தம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த வசந்தாவின் கை நின்றது.

"எறக்கினு வராங்க. இன்னிக்கி இருக்கு உங்களுக்கு" என்றாள் கணவரிடம்.

சுப்பராயன் செல்போனில் தெரிந்த மேகப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன வருஷம் அவர் சொன்ன மழை அப்படியே கொட்டி, கீழ்வீடுகளில் முழங்காலளவு தண்ணீர் புகுந்தது. அதிலிருந்து காம்பவுண்டில் அவர் பேச்சுக்கு மரியாதை. இந்த மாசம் வரைக்கும்.

மாடி வீட்டு அலெக்ஸும் அவன் மனைவியும் அன்னம்மாளை நாற்காலியோடு தூக்கிவந்து, எதிரே அவள் தனியாக இருக்கும் அறையில் விட்டார்கள். அலெக்ஸைப் பெற்ற தாய். முட்டி போய்விட்டது, படியேற முடியாது.

அலெக்ஸ் நேராக இங்கே வந்தான்.

"இன்னா சார், காமெடி பண்றீங்களா? காத்துல ஈரம் தொண்ணூத்தாறு, நம்ம சேக்காட்டுக்குக் கனமழைன்னு காம்பவுண்ட் குரூப்ல போட்டீங்க. லீவு போட்டு அம்மாவ மேல தூக்கினேன். ரெண்டு நாளா ஒரு சொட்டு கீதா?"

"ஈரம் இருந்திச்சு தம்பி..."

"இருந்து? என் சட்டதான் நனைஞ்சுது! இது மூணாவது தபா. இனிமே மெசேஜ் வந்திச்சு, குரூப்ப வுட்டே தூக்கிருவேன்."

அவன் போனதும் வசந்தா பிடித்துக்கொண்டாள்.

"மூணு தபா அரிசி மூட்டையப் பரண்ல ஏத்தி எறக்கினேன். வெறும் புழுக்கம் மழையாவாது, ஈரக்காத்து மேல ஏறிக் குளிரணும், கடல்லேர்ந்து விடாம வந்துகினே இருக்கணும்னு எனக்கே பாடம் எடுத்தீங்களே! படத்துல ஒண்ணுமே இல்லாதப்ப ஏன் போடறீங்க? நாளைக்கு நெசமாவே வெள்ளம் வந்தா எவன் நம்புவான்?"

"நம்ப மாட்டான். அதான் ராத்திரில தூக்கமே வரல."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

சுப்பராயன் குரலைத் தணித்தார்.

"போன வெள்ளத்துல அந்தம்மா நாலு நாள் மேல இருந்தாங்க. பேரப்பசங்ககூட உக்காந்து சாப்டாங்களாம். தண்ணி வடிஞ்சதும் கீழ கொண்டாந்து வுட்டுட்டான். பண்டிகைக்குக்கூட மேல கூப்புடல. இந்த மாசம் மொத தேதி, ஜன்னல் கம்பியப் புடிச்சிகினு என்னக் கேட்டாங்க, 'அடுத்த மழ எப்ப சாரே?'ன்னு."

எதிர் அறையில் அன்னம்மாள் இருமும் சத்தம் கேட்டது.

வசந்தா எதிர் ஜன்னலைப் பார்த்தாள். அந்தம்மாவுக்கும் சேர்த்து இன்னொரு பிடி கீரையை முறத்தில் போட்டு, ஆய ஆரம்பித்தாள்.