பாத்தா சொல்லிடுவேன்

"மொதல்ல கண்ண போடும்மா. நான் செத்தாலும் அந்தக் கண்ண மறக்க மாட்டேன்" என்றாள் தாயம்மா, முக்காலியில் உட்கார்ந்தபடி.

வேம்பு கரித்துண்டை எடுத்தாள். மேனாம்பேடு கலை விழாவில் காலையிலிருந்து இதே கதைதான். போட்டோ எடுக்காமலே செத்துப்போன புருஷன், பிள்ளை. வருகிறவர்கள் அடையாளம் சொல்லச் சொல்ல இவள் வரைந்து கொடுக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்த அவளுடைய ஓவியங்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் ஓவியம் படித்தது இதற்குத்தானா என்று எரிச்சலாக வந்தது.

காலையில் நின்று பார்த்தவர் விழாத் தலைவர் பரந்தாமன் ஒருவர்தான். அப்பா வேலை செய்யும் பட்டறையின் முதலாளி. வேம்பு அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "துலுக்கானம் பொண்ணா நீ? என்னைப் பெரிசா ஒரு ஆயில் பெயிண்டிங் போட்டுடு. ஹால்ல மாட்டலாம்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். முகத்தைவிட மேலுதடு வெளுப்பு, வண்ணம் கலக்கும்போது மறக்கக் கூடாது என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

"உங்க ஊட்டுக்காரரா?" என்று தாயம்மாவைக் கேட்டாள்.

"ஐய, அவனா? எங்க ஊட்டுக்காரர இட்சிப் போட்டுட்டு ஓடன கஸ்மாலம்மா அவன்!"

கரித்துண்டு தாளிலேயே நின்றுவிட்டது.

"போன வெள்ளிக்கெழம. சென்னீர்குப்பத்தாண்ட ரெண்டு பேரும் சைக்கிள்ல வந்துகினு கீறோம். ஒரு நீல வேன் பின்னால வந்து மோதிச்சி. எறங்கி வந்தாம்மா அந்த ஆளு. லைட்டு வெளிச்சத்துல அவர குனிஞ்சி பாத்தான், என்னையும் பாத்தான். அப்பால ஏறிப் போயிட்டான்." தாயம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "அவருக்குக் காலு போச்சு. ஸ்டேசன்ல போனா, ஆளு யாருன்னே தெரியாம யாரப் புடிக்கிறதுன்றாங்கோ. அதான், படம் போட்டுக் குடு. கொண்டுபோய்க் காட்டறேன்."

வேம்பு தாளிலிருந்து கையை எடுத்தாள்.

அப்பா ஓட்டும் பட்டறை வேனும் நீலம்தான். சனிக்கிழமையிலிருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. "இன்னா நைனா ஆச்சு?" என்றால், "ஒண்ணும் கேக்காத கண்ணு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

"ஆளு எப்படி இருந்தான்?" என்று கேட்டாள் வேம்பு.

"நல்ல ஒசரம். முன்வழுக்க. மீச இம்மாம் பெருசு!"

அப்பாவேதான்.

"அப்புறம்? மூக்கு, தாடை?"

"வாயால சொல்ல வரலியே கண்ணு. பாத்தா சொல்லிடுவேன்."

பாத்தா சொல்லிடுவேன். படங்களைத் தூக்கிப்போக அப்பா இந்நேரம் சைக்கிளில் கிளம்பியிருப்பார். எந்த நிமிஷமும் வாசலில் வந்து நிற்பார்.

"எனக்குத் தலைவலிக்குது. நாளைக்கு வாங்களேன்."

"படம் வாங்காம எழுந்திருக்க மாட்டேன்."

ஊரில் எங்கே அநியாயம் நடந்தாலும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் வேம்பு. இன்றைக்கு அவள் புத்தி வேறு வழியில் போனது. தப்பான ஒரு முகத்தைப் போட்டுக் கொடுத்தால், 'இவன் இல்ல' என்று இந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள். போய்த் தொலைந்தால் போதும். தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கை வரையத் தொடங்கிவிட்டது.

பயத்தில் கற்பனைகூட ஓடவில்லை. தாயம்மாவின் முதுகுக்குப் பின்னால், தூரத்து மேடையில், பரந்தாமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கலையின் பெருமையை முழங்கிக்கொண்டிருந்தார். உப்பிய கன்னம், இரட்டைத் தாடை, மழித்த முகம். உயரத்தையும் வழுக்கையையும் தவிர, ஒட்டிய கன்னத்து அப்பாவுக்கும் அவருக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. அந்த முகத்தையே பார்த்துப் பார்த்து அவசரமாக இழுத்தாள்.

"இந்தாங்க. இவனா?"

தாயம்மா தாளை வாங்கினாள். அதன்மேல் குனிந்து பார்த்தாள்.

'இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்' என்று வேம்பு மனசுக்குள் கெஞ்சினாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

அப்பா உள்ளே வந்தார். அதே உயரம், அதே வழுக்கை, அதே பெரிய மீசை. நேராக வந்து தாயம்மாவின் பக்கத்திலேயே நின்றார்.

"பொறப்படலாமா கண்ணு?"

தாயம்மா தலையைத் தூக்கி அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். வேம்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா, வெளிச்சத்த மறைக்கிறே."

வேம்பு கண்ணைத் திறந்தாள். தாயம்மா மறுபடியும் படத்தின்மேல் குனிந்திருந்தாள்.

"இவனேதாம்மா. மீசைய மட்டும் போட்டுடு."